எந்த எண்ணைப் பொருத்துவது?

பழைய வண்டி எஞ்சினைக் காட்சிக்காகச் சரிசெய்கிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். எந்த வருஷத்துக்குத் திருப்புவது? கிள்ளானில் வீட்டுப் பின்புறம் மோரிஸ் மைனரைப் பிரித்துப் போட்டிருப்பவருக்கும் இதே தலைவலிதான். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறத்தை அடிப்பதா, அப்பா ஓட்டிய காலத்தில் இருந்த நிறத்தையா, கைமாறிப் போன பிறகு யாரோ அடித்த மூன்றாவது நிறத்தையா? உதிரிபாகம் கிடைக்காத ஒரு காலத்தில் யாரோ ஒரு பொமன் வேறு வண்டியின் கார்புரேட்டரைப் பொருத்தி அதை ஓட வைத்திருப்பார். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 'ஒரிஜினல்' தேடி அலைவதா? அல்லது அந்தப் பொமனின் கெட்டிக்காரத்தனமும் இந்த வண்டியின் வரலாறுதானே என்று விட்டுவைப்பதா? ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வரும் நண்பர்கள் இதற்காகத் தே தாரிக் ஆறிப்போகும் வரை சண்டை போடுவார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இது பொழுதுபோக்குக்காரர்களின் வெட்டிச் சண்டை. உண்மையில் இதற்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற தேதிகளை அழிக்கிறோம். அந்தத் தேதிகளில் அந்த எஞ்சினைத் தொட்ட கைகளையும் சேர்த்து அழிக்கிறோம். யாருடைய கையை வைத்துக்கொள்வது, யாருடைய கையைத் துடைத்துவிடுவது என்று முடிவெடுக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

மோரிஸ் மைனரில் இந்தக் கேள்வி சின்னது. அது எவ்வளவு பெரிதாகும் என்பதைக் காட்ட வேறோர் எஞ்சின் இருக்கிறது. நிற்பது தோக்கியோவில். அதன் கதை போவதோ நம்முடைய தோட்டங்கள் வழியாக.

*

அந்த எஞ்சினின் எண் சி56 31. 1936 இல் நிப்பொன் ஷார்யோ நிறுவனம் கட்டிய நீராவி எஞ்சின். சி56 வகை ஜப்பானின் சின்னக் கிளைப்பாதைகளுக்காக உருவாக்கப்பட்டது. பின்னோக்கி ஓட்டும்போதும் பாதை தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் நிலக்கரித் தொட்டியின் இரண்டு பக்கமும் சரித்து வெட்டப்பட்டிருக்கும். வண்டியைத் திருப்ப வசதியில்லாத குட்டி ஸ்டேசன்களை நினைத்து யாரோ ஒரு பொறியாளர் யோசித்துச் செய்த ஏற்பாடு. இந்த வகையின் முதல் 90 எஞ்சின்களை ஜப்பானிய ராணுவம் போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பியது. ஜப்பானியத் தண்டவாளத்தின் அகலம் 1,067 மில்லிமீட்டர், இங்கே 1,000 மில்லிமீட்டர். ஆகவே சக்கரங்களை நெருக்கி மாற்றினார்கள்.

31 ஆம் எண் சயாமுக்குப் போனது. 1943 அக்டோபர் 25 அன்று சயாம் - பர்மா ரயில் பாதை திறக்கப்பட்டபோது ஓடிய எஞ்சின் என்பதுதான் அதன் புகழ். போர் முடிந்து ஜப்பானியர் போனபின் எஞ்சின் அங்கேயே தங்கிவிட்டது. தாய்லாந்து ரயில்வே அதற்கு 725 என்று எண் கொடுத்து, 1977 வரை ஓட்டியது. ராணுவத்தோடு அது இருந்தது சில வருஷங்கள். தாய்லாந்தின் சாதாரணப் பயணிகளையும் சரக்கையும் இழுத்தது முப்பது வருஷத்துக்கு மேல்.

ஓய்வு பெற்ற எஞ்சினை, அந்தப் பாதையில் பணிபுரிந்த ஜப்பானிய ரயில் படைப்பிரிவுகளின் பழைய வீரர்கள் பணம் திரட்டி வாங்கினார்கள். 1979 இல் ஜப்பானுக்குக் கொண்டுவந்து யசுகுனி ஆலயத்துக்கு அளித்தார்கள். இப்போது அங்குள்ள யூஷுகான் போர் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் நிற்கிறது. அதைப் பார்க்க டிக்கெட்கூட வேண்டாம். கறுப்பு பளபளக்கிறது. முன்னால் இருக்கும் பலகையில் சி56 31 என்ற எண். 725ஐ அங்கே காணோம்.

*

அந்தப் பழைய வீரர்களை நான் முதலில் நியாயமாகப் பார்க்க விரும்புகிறேன். எளிதாகத் திட்டிவிட்டுப் போகலாம், ஆனால் கேள்வி அதோடு முடியாது.

ஒரு நீராவி எஞ்சினைக் காட்சி நிலைக்குக் கொண்டுவருவது லேசான வேலை கிடையாது. கொதிகலனைச் சுற்றியிருக்கும் தகட்டைப் பிரித்தால் உள்ளே பழைய வெப்பக்காப்பு மக்கிக் கிடக்கும், பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். தண்ணீர் தேங்கிய மூலைகளில் துரு உள்ளிருந்து தின்றிருக்கும். அங்குலம் அங்குலமாகக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இனி ஒருபோதும் அசையப் போவதில்லை என்று தெரிந்தே இணைப்புத் தண்டுகளுக்குக் கிரீஸ் பூச வேண்டும். இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. ஒருவருக்குப் பித்தளை தெரியும், ஒருவருக்கு வெல்டிங் தெரியும், ஒருவருக்கு எதுவும் தெரியாவிட்டாலும் தூக்கிப் பிடிக்கத் தெரியும். அந்தக் கூட்டத்தில் உண்டாகும் நெருக்கம் உண்மையானது. பழைய வீரர்களுக்கோ அதற்கும் மேல் ஒன்று இருந்தது. காட்டில் செத்துப்போன சொந்த நண்பர்கள்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் அறத்தின் வேரைக் கவனத்தில் கண்டவர். பிறருக்கு நாம் கொடுக்கக்கூடியவற்றில் மிக அரிது கவனம் என்பது அவர் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த இடம். 1934, 35 இல் பாரிஸ் ஆலைகளில் எந்திரத்தின் முன்னால் நின்று கூலி வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு அதைச் சொல்லும் தகுதியும் இருந்தது. அவர் வழியில் யோசித்தால், ஒரு திருகாணியின் மரைக்காக மூன்று மாதம் தேடுகிறவன் நல்ல பயிற்சியில் இருக்கிறான். தன்னைத் தவிர இன்னொன்று உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சிக்கல் தொடங்குவது அந்தக் கவனம் எங்கே நிற்கிறது என்பதில்.

*

சயாம் - பர்மா பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942 இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள், அவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். நாளுக்கு ஒரு வெள்ளிச் சம்பளம், மூன்று மாசத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் கூட்டிப்போனார்கள். போனவர்கள் திரும்பாததைப் பார்த்துச் சனம் சுதாரித்ததும், பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது. மலாயாவிலிருந்து போனவர்களில் இறந்தவர்கள் எத்தனை பேர்? குறைந்த கணக்கு 30,000ஐ ஒட்டி நிற்கும், கூடிய கணக்கு 40,000ஐத் தாண்டும்.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் பாருங்கள். பத்தாயிரம் பேர் வரை இருந்தார்களா, செத்தார்களா, ஓடிவிட்டார்களா என்றே எழுதிவைக்கப்படவில்லை. போன எஞ்சின்கள் எத்தனை என்று கேட்டால் பதில் சுத்தமாக வரும்: 90. ஒவ்வொன்றும் எந்த வருஷம் எந்த ஆலையில் கட்டப்பட்டது, பின்னால் தாய்லாந்தில் எந்த எண்ணை வாங்கியது என்று ரயில் பிரியர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களை நான் கேலி செய்யவில்லை. அவை அன்பினால் உண்டானவை. அதே அன்பு மனிதர்கள் பக்கம் ஒருமுறை திரும்பியிருந்தால் நம் பாட்டன்களுக்கும் ஒரு பட்டியல் இருந்திருக்கும். என் வருத்தம் அதுதான்.

ஆள் மட்டும் இங்கிருந்து போகவில்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையின் தண்டவாளங்களையும் பெயர்த்து ஜப்பானியர் அந்தப் பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாவின் கம்பிச்சடக்கும் அதைப் போட்ட சனத்தின் பிள்ளைகளும் ஒரே காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

யூஷுகானில் எஞ்சினுக்கு வைத்திருக்கும் விளக்கம் இந்த மரணங்களைச் சொல்லாமல் கட்டுமானச் சாதனையைப் பேசுகிறது என்பது போர்க்கைதிகள் தரப்பில் நீண்ட காலமாக உள்ள குற்றச்சாட்டு. நம் தரப்பில் குற்றச்சாட்டு என்று ஒன்று அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம்தான்.

*

"இரும்புக்கு என்னங்க தெரியும்? அதை ஏன் குத்தம் சொல்றீங்க?"

இந்தப் பேச்சு வரும் என்று தெரியும். சரியான பேச்சும்கூட. எஞ்சினுக்குக் குற்றம் கிடையாது. சி56 31ஐ உருக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எஞ்சினைக் காட்சிக்கு வைப்பது இரும்பு செய்யும் காரியம் இல்லை. மனிதர் செய்யும் காரியம். இடம், பலகை, விளக்கு, எண், எல்லாவற்றையும் ஒருவர் தேர்ந்தெடுக்கிறார்.

இதைப் பற்றிப் பேச மிகவும் தகுதியுள்ள ஒருவர் இருந்தார். எரிக் லோமாக்ஸ், எடின்பரோவில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே ரயில் பைத்தியம். 1942 இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டு சயாம் பாதைக்கு அனுப்பப்பட்டார். முகாமில் ரகசிய ரேடியோ கண்டுபிடிக்கப்பட்டபோது அவரிடம் அந்த ரயில் பாதையின் கையால் வரைந்த வரைபடமும் சிக்கியது. அதற்காகக் கொடூரமாகச் சித்திரவதை செய்தார்கள். விசாரணையின்போது மொழிபெயர்த்த நாகாசே தகாஷியை ஐம்பது வருஷம் மனதுக்குள் வெறுத்துக்கொண்டிருந்து, 1993 இல் காஞ்சனபுரிப் பாலத்தருகே நேரில் சந்தித்தார். இருவரும் கடைசியில் நண்பர்களானார்கள். லோமாக்ஸ் பிறகு ஜப்பானுக்குப் போனபோது யசுகுனியில் மினுங்கிக்கொண்டு நின்ற இதே எஞ்சினைப் பார்த்தார். 1995 இல் வந்த தன் நினைவு நூலில் அதை எழுதியும் வைத்தார்.

எஞ்சினை நேசிப்பவர்களின் வட்டம் என்று ஒன்று உண்டென்றால், லோமாக்ஸுக்கு அதில் இடம் மறுக்க யாராலும் முடியாது. அவருக்கு ஒரு கொதிகலனின் அழகு தெரியும். அந்த அழகின் விலையும் தெரியும். சி56 31ஐப் புதுப்பித்தவர்கள் தங்கள் தோழர்களை அழைத்தார்கள். ஆனால் அந்த எஞ்சினுக்கு வேறு தோழர்களும் இருந்தார்கள். தண்டவாளத்தைத் தோளில் சுமந்த கைதி, சரளைக்கல் கொட்டிய தமிழன், பின்னர் முப்பது வருஷம் அதற்கு எண்ணெய் போட்ட தாய்லாந்துத் தொழிலாளி. இவர்கள் யாரையும் கேட்காமல் எண் பலகை மாட்டப்பட்டது. என் மறுப்பு இங்கேதான். அன்பு தப்பில்லை, வட்டம் சின்னதாகிவிட்டது.

*

அதன் உடன்பிறப்புகள் வேறு கதிகளை அடைந்தன. சி56 44 உம் அதே 1979 இல் ஜப்பான் திரும்பியது. ஷிசுவோகாவில் உள்ள ஒயிகாவா ரயில்வே அதைச் சரிசெய்து ஓடவிட்டது. 2007 இல் ஜப்பான் - தாய்லாந்து உறவின் 120 ஆம் ஆண்டை ஒட்டி, தாய்லாந்தில் இருந்த நிறத்தையே அதற்குத் திரும்ப அடித்தார்கள். 2015 இல் சிவப்புப் பெயிண்ட் அடித்து, முகம் ஒன்றை மாட்டி, 'தாமஸ்' கதையில் வரும் ஜேம்ஸாக ஆக்கினார்கள். பிள்ளைகள் கையாட்டினார்கள். இன்னொரு சி56, காஞ்சனபுரியில் பாலத்தின் அருகே தாய்லாந்து எண்ணோடு நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜேம்ஸைப் பார்த்துக் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. சந்தோஷமாக ஓடுகிற எஞ்சின் ஒன்றும் பாவம் செய்யவில்லை. ஆனால் ஒரே வருஷம் கப்பலேறிய இரண்டு எஞ்சின்களில் ஒன்று வீரச்சின்னமாகவும் மற்றது பொம்மையாகவும் ஆக முடிந்திருக்கிறது என்பது ஒன்றைத் தெளிவாக்குகிறது. புதுப்பித்தல் என்பது பழையதை அப்படியே மீட்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நடப்பது அது இல்லை. நாம் விரும்புகிற கதைக்கு இரும்பைச் சாட்சியாகக் கூட்டிவருகிறோம்.

கட்டடங்களைப் பாதுகாக்கிறவர்கள் இதை எப்போதோ எதிர்கொண்டுவிட்டார்கள். 1964 இன் வெனிஸ் சாசனம் அவர்களுக்கு மூன்று விதிகளைக் கொடுத்தது. எல்லாக் காலங்களும் ஒரு சின்னத்துக்குச் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும், ஒரே காலத்துத் தோற்றத்துக்காக மற்றவற்றைத் துடைக்கக்கூடாது. புதிதாகச் சேர்த்தது புதிதென்று தெரிய வேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிக்கும் வேலை நின்றுவிட வேண்டும். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் எழுதிய விதிகள் இவை. எனக்கு இவை மனிதர்களைப் பற்றிய விதிகளாகவே படுகின்றன. கடைசியாகத் தொட்டவன் முன்பு தொட்டவர்களை அழிக்காதே, உன் கையை ஒளிக்காதே, தெரியாததைத் தெரிந்த மாதிரி பூசி மெழுகாதே.

*

எதிர்வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. "அப்படிப் பார்த்தால் எந்த எஞ்சின்தான் சுத்தம்? மலாயா ரயில்வே மட்டும் என்ன, பூப்போட்டா கட்டினார்கள்?"

இது கனமான வாதம். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஜப்பானியர் இல்லை, நாம்.

1886 இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்து புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளின் ஊரானது. இன்று கே.எல். சென்ட்ரல் நிற்பது அந்தப் பழைய ரயில் முற்றத்தின் மேல்தான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள மூசியம் நெகாரா வளாகத்தில் பழைய நீராவி எஞ்சினைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் பற்றி நாம் பெருமையாகப் பேசும்போது யார் வருகிறார்கள் என்று கவனியுங்கள். "எங்க தாத்தா ஸ்டேசன் மாஸ்டர்", "எங்க பெரியப்பா ரயில்வேயில கிராணி". வெள்ளைக் காற்சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் வருகிறார்கள். காட்டை வெட்டி மண் நிரப்பி, மலேரியாவில் விழுந்தவர்கள் வருவதில்லை. பாதையில் கட்டை மாற்றிக்கொண்டே கிழவரானவர் வருவதில்லை. அவர்களுக்குப் படம் இல்லை, ஆகவே பரம்பரையும் இல்லாமல் போனது.

நாமும் தேதி தேர்ந்தெடுக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். நம் குடும்ப எஞ்சினுக்கும் பளபளப்பான எண்ணைத்தான் மாட்டுகிறோம். யசுகுனியில் நடந்ததும் இதுவும் ஒரே அளவு என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றின் பின்னால் ஒரு பேரரசின் பெருமிதம் இருக்கிறது, 1978 இல் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் சேர்த்து வணங்கத் தொடங்கிய ஆலயம் இருக்கிறது. அளவு வேறு. கை அசைவு ஒன்று.

எல்லா எஞ்சினிலும் கறை இருக்கிறது என்பதால் எதையும் புதுப்பிக்கக் கூடாது என்று ஆகாது. எல்லா எஞ்சினிலும் கறை இருப்பதால், எதைப் புதுப்பித்தாலும் கறையோடு சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்றுதான் ஆகும்.

நம் எழுத்தாளர்கள் இந்த வேலையை முன்பே தொடங்கிவிட்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் அருங்காட்சியகம் எதுவும் செய்யாததை நாவலாகச் செய்தன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் ஒழுங்காக வரிசையில் இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த ஊரில் ஒரு நடுகல் எழும்ப 2023 மே வரை ஆனது. எண்பது வருஷம். நடுகல் என்பது நம்முடைய பழைய வடிவம், போரில் விழுந்தவனுக்கு ஊர் நட்டு வைப்பது. அதில் பெயரும் பீடும் எழுதுவது வழக்கம். இங்கே எழுதப் பெயர்கள் இல்லை.

*

ஆகவே, பழைய எஞ்சின் ஒன்றைச் சரிசெய்ய நண்பர்களைக் கூட்டும் இளையவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அது மோரிஸ் மைனரோ, தோட்டத்து லோரியோ, என்றைக்காவது ஒரு கரி எஞ்சினோ, எதுவாகவும் இருக்கட்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் அந்த வண்டியைத் தொட்டவர்களின் பட்டியலைப் போடுங்கள். கட்டியவர், ஓட்டியவர், கழுவியவர், ஒட்டுப்போட்டவர், அதனால் அடிபட்டவர். பெயர் தெரியாத இடத்தில் வேலையை எழுதுங்கள். அதுவும் தெரியாவிட்டால் ஒரு வரியைக் காலியாகவே விடுங்கள். கொதிகலனின் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குப் பழைய துருவை வார்னிஷ் மட்டும் பூசி அப்படியே வையுங்கள், பார்க்கிறவர் "இது ஏன் இப்படி?" என்று கேட்கட்டும்.

சி56 31 இன் முகப்பிலும் எனக்கு வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. 31க்குக் கீழே 725 இருக்கட்டும். அதற்கும் கீழே மூன்றாவதாக ஒரு பலகை, எண் பொறிக்காமல், வெறுமையாக. பார்க்க வந்த பிள்ளை அதைக் காட்டிக் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் பெரியவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.